கூட்டுறவுச் சங்கத்துக்கு எந்தக் கணினி முறை? நான்கு வழிகளின் ஒப்பீடு

ஒரு தலைமைக் காரியாலயம், சில கிளைக் கடைகள், ஓர் எரிபொருள் நிலையம், நகை அடகு பிடிக்கும் ஒரு கிராமிய வங்கி: யாழ்ப்பாணத்தில் நடுத்தரப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் உருவம் ஏறத்தாழ இதுதான். இத்தகைய சங்கத்தின் இயக்குநர் சபை கணக்குகளைக் கணினிமயப்படுத்த வேண்டுமென்று பேசத் தொடங்கினால் அதன் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போதுள்ள பேரேடுகளை அப்படியே வைத்துக்கொண்டு எக்செல் தாள்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது முதலாவது. விற்பனைக்கு இருக்கும் ஆயத்த மென்பொருள் ஒன்றை ஒரே தொகைக்கு வாங்கிக் காரியாலயக் கணினியில் நிறுவிக்கொள்வது இரண்டாவது. மாதச் சந்தா கட்டி இணையவழியாகப் பயன்படுத்துவது மூன்றாவது. யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை எடுத்து, உள்ளூர் நிரலாளர்களைக் கொண்டு சங்கத்தின் தேவைக்கேற்பத் திருத்தி அமைத்துக்கொள்வது நான்காவது.

சபைக் கூட்டத்தில் முதலில் கேட்கப்படுவது விலைதான். அங்கத்தவர்களின் பணத்தைச் செலவழிப்பவர்கள் அதைக் கேட்காமல் இருக்கவும் கூடாது. ஆனாலும் விலையை முதலாவது அளவுகோலாக வைத்தால் தவறான முறையைத்தான் தெரிவு செய்வோம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கிளையில் ஏட்டுக் கணக்குக்கும் கையிருப்புக்கும் இடையில் குறை தெரியவரும்போது, அந்தக் குறை எப்படி வந்தது என்பதை யாரால் பார்க்க முடியும், பிழையான பதிவை யாரால் திருத்த முடியும், இறுதியில் அந்தப் பணத்தை யார் கட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு வழியும் வெவ்வேறு விடைகளைத் தருகிறது. கணினி முறை ஒரு நிறுவனத்தில் முதலில் மாற்றுவது வேகத்தை என்று எண்ணுகிறோம். உண்மையில் அதைவிட ஆழமாக மாறுவது, தீர்மானம் எடுக்கும் இடமும் பொறுப்புச் சுமத்தப்படும் இடமும்.

இதை நாம் எல்லோரும் ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறோம். 2022 இல் எரிபொருள் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு எவ்வளவு ஊற்றுவது என்ற சுமை எரிபொருள் நிலையத்தில் நின்ற ஊழியரின் தலையிலும் சங்க முகாமையாளரின் தலையிலும்தான் விழுந்தது. தெரிந்தவர், உறவினர், அதிகாரி, வைத்தியர், அவசரக்காரர் என்று எல்லோரும் அவர்களிடமே வந்தார்கள். தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரமும் அதன் கியூஆர் குறியீடும் வந்தபின், வாகன இலக்கத்துக்கு வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்பதைக் கைத்தொலைபேசித் திரை சொன்னது; ஊழியர் ஊற்றுவதோடு சரி. சண்டைகள் குறைந்தன, வரிசைகள் சுருங்கின. அந்தச் சுமை இறங்கியது ஊழியருக்குப் பெரிய விடுதலை. அதே நேரத்தில், அந்த முறை வாகனங்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டதால், கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எரிபொருள் கேட்டுக் கலனோடு வந்த விவசாயி அந்தத் திரையின் கணக்கில் இலகுவாக அடங்கவில்லை. அவருக்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது. முன்பு முகாமையாளர் தன் அறிவைக் கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பார். 2023 செப்ரெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. அதிலிருந்து சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது: முறையை வடிவமைத்தவர் நினைத்துப் பார்க்காத ஆள் ஒருவர் எப்போதும் வந்து நிற்பார், அவருக்காக ஊழியரின் கையில் எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் வழியான பேரேட்டை இலேசாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 1990 களில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எழுதப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டுதான் கூட்டுறவுச் சங்கங்கள் உலர் உணவு நிவாரணத்தைக் குடும்ப அட்டைகளுக்குப் பங்கிட்டன. மின்சாரம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், யாரும் திறந்து பார்க்கலாம். பிழையை அழிக்காமல் ஒற்றைக் கோடு வெட்டி, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுவது பழைய எழுதுவினைஞர்களின் ஒழுங்கு. அந்தக் கோட்டுக்குக் கீழே பழைய தொகை தெரிந்துகொண்டே இருக்கும். யார் மாற்றியது என்பதும் தெரியும். பல மென்பொருள்களில் இந்த அளவு நேர்மை கூட இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற மூன்றையும் எடைபோட வேண்டும்.

பேரேட்டின் பலவீனம் அதன் ஒற்றைப் பிரதி. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து கையில் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்களுக்கு, ஏடு பின்னால் தங்கிவிட்டால் கணக்கும் தங்கிவிடும் என்பதை விளக்கத் தேவையில்லை. இரண்டாவது பலவீனம் தாமதம். கிளையின் மாதக் கணக்கு தலைமைக் காரியாலயத்துக்கு வந்து, ஒப்பிடப்பட்டு, வேறுபாடு கண்டுபிடிக்கப்படும்போது இரண்டு மாதங்கள் ஓடியிருக்கும். அதற்குள் அந்தப் பொருளும் இல்லை, விற்ற ஊழியருக்கு நினைவும் இல்லை.

இந்தத் தாமதத்தைத் தீர்க்க எக்செல்லைச் சேர்ப்பது இயல்பான அடுத்த படி. ஆனால் பேரேட்டின் ஒழுங்கு அங்கே போய்ச் சேர்வதில்லை. கட்டத்தில் இருந்த தொகையை அழித்து இன்னொன்றை எழுதினால் பழையது போன சுவடே இருக்காது. தாளை உருவாக்கிய ஒருவருக்கு மட்டுமே அதன் சூத்திரங்கள் புரியும்; அவர் ஓய்வுபெற்றால் தாளும் ஓய்வுபெற்றதாகவே கொள்ள வேண்டும். வசதி நிறைந்த நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, எக்செல்லின் பழைய கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது என்பதைக் கவனிக்காததால், ஏறத்தாழ 16,000 கொவிட் தொற்றாளர்களின் விபரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஒரே கடையும் சில நூறு அங்கத்தவர்களும் கொண்ட சங்கத்துக்கு, ஒழுங்காக எழுதப்படும் பேரேடும் மாத இறுதியில் அதைத் தொகுக்கும் ஒரு தாளும் இன்றும் போதுமானவை. கிளைகளும் வங்கியும் உள்ள சங்கத்துக்கு அது போதாது.

இரண்டாவது வழியைத்தான் சங்கங்கள் பெரும்பாலும் விரும்புகின்றன. ஒரே தொகை என்பதால் சபையில் தீர்மானம் எடுப்பது எளிது; விலைமனு கோருவதும் எளிது; பொருள் கைக்கு வந்த உணர்வும் கிடைக்கிறது. என் பார்வையில் நான்கிலும் அதிக ஆபத்தானது இதுதான். அதன் காரணத்தை விளக்க ஒரு சீனி மூட்டையை எடுத்துக்கொள்கிறேன்.

கிளைக்கு 50 கிலோ சீனி மூட்டை வருகிறது. அது 250 கிராமாகவும் அரைக் கிலோவாகவும் கிலோவாகவும் நிறுத்து விற்கப்படுகிறது. மூட்டை முடியும்போது விற்ற நிறைகளைக் கூட்டினால் 50 கிலோ ஒருபோதும் சரியாக வராது. தராசில் ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகை கூடப் போகும், சாக்கின் மூலையில் கொஞ்சம் கட்டிபடும், ஈரக்காலத்தில் நிறை மாறும். கூட்டுறவுக் கடைகளில் உதிரியாக விற்கும் பொருளுக்கு எடைக்குறைவு அனுமதி என்ற ஒன்றை வைத்திருப்பதும், இருப்பு எடுக்கும்போது அதைக் கழித்துப் பார்ப்பதும் இதனால்தான். பொதிசெய்யப்பட்ட பொருள்களை விற்கும் கொழும்புப் பல்பொருள் அங்காடிக்காக எழுதப்பட்ட மென்பொருளில் இந்த எண்ணமே இருக்காது. அங்கே உள்ளே வந்தது 50, வெளியே போனது 49.2 என்றால் 800 கிராம் குறை. குறை கிளை முகாமையாளரின் பெயரில் சிவப்பு எழுத்தில் நிற்கும். மாதத்துக்கு மாதம் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று இது சேரும். மென்பொருளைத் திருத்தத் தேவையான மூலநிரல் விற்பனையாளரிடமே இருக்கிறது. அதில் ஒரு கட்டம் சேர்க்க அவர் கேட்கும் தொகையைக் கொடுக்கச் சபைக்கு மனம் வராது. கிளை முகாமையாளருக்கோ அந்தக் குறை எந்தெந்த விற்பனையிலிருந்து உருவானது என்று திறந்து பார்க்கும் அனுமதியும் இருக்காது. நமது சங்கங்களில் இருப்புக் குறைவுக்குக் கிளை முகாமையாளர் பொறுப்புக் கூற வேண்டியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதே அமைப்பு ஒரு நாட்டளவில் எங்கே போய் முடியும் என்பதைப் பிரித்தானியத் தபால் நிலையங்களின் வரலாறு காட்டுகிறது. அங்கே 1999 முதல், ஃபுஜிற்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு முறை சிறிய உப தபால் நிலையங்களில் நிறுவப்பட்டது. உப தபாலதிபர்கள் பெரும்பாலும் ஊர்க் கடையோடு சேர்த்துத் தபால் நிலையத்தை நடத்திய சாதாரண மனிதர்கள். தென்னாசிய வம்சாவளியினரும் அவர்களில் கணிசமாக இருந்தார்கள். திரையில் காட்டிய குறையைக் கைப்பணத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டுமென்று, அவர்களின் ஒப்பந்தத்தைக் காட்டித் தபால் நிறுவனம் வற்புறுத்தியது. தாங்கள் எடுக்காத பணத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்களைக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது களவு, பொய்க்கணக்கு என்று வழக்குத் தொடரப்பட்டது. 1999 க்கும் 2015 க்கும் இடையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீடு வாசலையும் ஊரில் இருந்த பெயரையும் இழந்தார்கள். கணினி சரியாகவே இயங்குகிறது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வது அங்கு சட்டத்தின் ஊகமாக இருந்தது. முன்னாள் உப தபாலதிபர் அலன் பேற்ஸ் தலைமையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கில், 2019 டிசெம்பரில்தான், அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்பதையும் நிலையத்திலிருந்தவருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து அவரது கணக்கைத் தொட முடிந்தது என்பதையும் மேல் நீதிமன்றம் ஏற்றது. 2024 இல் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வருகின்றன. பழுதான மென்பொருள் உலகில் எங்கும் உண்டு. ஆனால் இங்கே பழுதின் முழுச் செலவும், பழுதைப் பார்க்கவே முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தவரின் தலையில் ஏற்றப்பட்டது. நமது கிளை முகாமையாளர்கள் உட்கார்ந்திருப்பதும் அதே இடத்தில்தான்.

இதற்கு மாறான பாதையும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஷொஷானா சுபொஃப் 1980 களில் காகிதக்கூழ் ஆலைகளை ஆராய்ந்தார். கூழைக் கையால் தொட்டும் மணந்தும் அதன் பதம் அறிந்த தொழிலாளர்கள் கட்டுப்பாட்டு அறைத் திரைகளின் முன் இருத்தப்பட்ட காலம் அது. கணினி ஒரு வேலையைத் தானே செய்துவிடுவதோடு நிற்பதில்லை, அந்த வேலையைப் பற்றிய புதிய தகவலையும் பிறப்பிக்கிறது. அந்தத் தகவலைத் தொழிலாளி வாசிக்க விடப்பட்டால் அவர் முன்னிலும் அறிவுள்ள தொழிலாளி ஆகிறார், மேலதிகாரி மட்டுமே வாசித்தால் அது கண்காணிப்புக் கருவி ஆகிறது என்று அவர் காட்டினார். கிளைக் கடைக்கு இது அப்படியே பொருந்தும். எந்தப் பருப்பு எந்த வாரத்தில் ஓடுகிறது, எந்தச் சோப்பு அலுமாரியில் தூங்குகிறது என்ற விபரம் கிளைத் திரையிலேயே தெரிந்தால் முகாமையாளர் அளவறிந்து கொள்வனவுக் கோரிக்கை எழுதுவார். தலைமைக் காரியாலயத்தில் மட்டும் தெரிந்தால் அவருக்கு மாத இறுதியில் ஒரு விளக்கக் கடிதம் வரும்.

மூன்றாவது வழியான இணையச் சந்தா முறைக்கு வருகிறேன். சங்கம் சேர்வர் வாங்கத் தேவையில்லை. கணினி பழுதானால் வேறொன்றில் நுழைந்து வேலையைத் தொடரலாம். காப்புப் பிரதி எடுப்பது விற்பனையாளரின் கடமை. கிளையும் தலைமைக் காரியாலயமும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் பார்க்கும். முற்பணமாகப் பெருந்தொகை இல்லாததால், பிடிக்காவிட்டால் விலகவும் முடியும். கணினி பராமரிக்க ஆளில்லாத சங்கத்துக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

இதன் ஆபத்துகளில் முதலாவது டொலர். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. டொலரில் சந்தா கட்டியவர்களின் செலவு, ஒரு விற்பனையும் கூடாமலே, இரண்டு மாதத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஏறியது. ஆகவே சந்தா ரூபாவில் குறிக்கப்பட்டிருப்பது அவசியம். இரண்டாவது ஆபத்து இணைப்பு. அதே 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அது கழிந்த கதை என்றாலும், குறிகட்டுவானில் படகேறிப் போக வேண்டிய தீவுக் கிளைக்கு இணையம் அறுவது இன்றும் புதினமல்ல. இணைப்பு இல்லாத நேரத்திலும் பில் போட்டு, இணைப்பு வந்ததும் தானே அனுப்பிக்கொள்ளும் வசதி இல்லாத முறையைத் தீவகச் சங்கங்கள் தொடவே கூடாது.

மூன்றாவது, காப்புப் பிரதி உண்மையிலேயே எடுக்கப்படுகிறதா என்பது. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்கு உரியவை, மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குப் பயன்படக்கூடிய காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், விற்பனையாளர் வாய்ச்சொல்லாகத் தரும் உறுதியை நம்பி அங்கத்தவர்களின் வைப்புக் கணக்கை ஒப்படைக்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறை முழுத் தரவையும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் சங்கத்தின் கைக்குத் தர வேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். சந்தா நின்ற மறுநாள் கணக்கு யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்கும் அதுவே விடை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் சபை அறிந்திருக்க வேண்டும். யார் எத்தனை பவுண் அடகு வைத்திருக்கிறார் என்பதைவிடத் தனிப்பட்ட தரவு நம் ஊரில் வேறென்ன இருக்கிறது?

நான்காவது வழியின் பெயரைக் கேட்டவுடன், இலவசமாகக் கிடைப்பது எப்படித் தரமாக இருக்கும் என்ற ஐயம் எழும். அந்த ஐயத்துக்கு இலங்கையே நல்ல பதில். 2004 டிசெம்பர் சுனாமியின்பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் எழுதிய சஹானா என்ற கட்டற்ற மென்பொருள் பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான கட்டற்ற சுகாதாரத் தகவல் முறையை, 2020 இன் தொடக்கத்தில் இங்குள்ளவர்கள் கொவிட் கண்காணிப்புக்கு ஏற்றபடி மாற்றியமைக்க, அந்த வடிவத்தை ஏனைய நாடுகள் பின்பற்றின. கடைக்கும் இருப்புக்கும் பொருத்தமாக மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ற் இருக்கிறது; அதன் கணக்கியல் பகுதியும் கட்டற்றதே. பெல்ஜிய நிறுவனமான ஓடூவின் இலவசப் பதிப்பில் முழுமையான கணக்கியல் இல்லை என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. சிக்கனக் கடனுக்கும் கிராமிய வங்கிக்கும், நுண்நிதி நிறுவனங்களுக்கென்று எழுதப்பட்டு இப்போது கட்டற்ற மென்பொருள்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் வளரும் ஃபினரக்ற் இருக்கிறது. ஆனால் நகை அடகு, அதாவது நிறை, கரட், மதிப்பீடு, தவணை, மீட்பு, ஏல அறிவித்தல் என்று தனி ஒழுங்குள்ள அந்த வேலை, வெளிநாட்டு நுண்கடனை மனதில் வைத்த மென்பொருளில் ஆயத்தமாக இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. நாமே எழுதிச் சேர்க்க வேண்டும்.

இந்த வழியின் பலம், சீனி மூட்டைக்கான எடைக்குறைவுக் கட்டத்தை யாரிடமும் கெஞ்சாமல் சேர்க்கலாம் என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும், பழைய தொகை, புதிய தொகை, திருத்தியவர், நேரம் என்று கிளை முகாமையாளரே பார்க்கும்படி அமைக்கலாம். பழைய எழுதுவினைஞரின் ஒற்றைக் கோட்டைத் திரைக்குள் கொண்டுவருவது இதுதான். யாழ்ப்பாணத்தில் இதைச் செய்யக்கூடிய இளைஞர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையும், யாழ் ஐரி ஹப் போன்ற முயற்சிகளும், இங்கிருந்தபடியே வெளிநாட்டு வேலைகளைச் செய்யும் சிறு நிறுவனங்களும் அவர்களை உருவாக்கியிருக்கின்றன.

பலவீனமும் அந்த இளைஞர்களிடமிருந்தே வருகிறது. முறையை அமைத்துத் தந்தவர் அடுத்த ஆண்டு கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருப்பார். அவர் எழுதியது அவருக்கு மட்டுமே புரியுமென்றால், எக்செல் தாளுக்கு நடந்த அதே கதிதான் இதற்கும் நடக்கும், செலவு மட்டும் பன்மடங்காக இருக்கும். ஒற்றை நிரலாளரோடு ஒப்பந்தம் செய்துகொள்வது, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பொறுப்பான செயல் ஆகாது. சங்கத்தின் ஊழியர்களில் குறைந்தது இருவர் தொடக்கத்திலிருந்தே நிரலாளரோடு இருந்து, பயனர் சேர்ப்பதும் அறிக்கை அமைப்பதும் காப்புப் பிரதியை மீட்டுப் பார்ப்பதும் தங்கள் கையால் செய்யப் பழக வேண்டும். அதற்கு அவர்களின் வழக்கமான வேலையிலிருந்து நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். மேலதிகமாகப் பாருங்கள் என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

தமிழ் என்பது இங்கே நான்கு வழிகளையும் சோதிக்கும் தனி உரைகல். சங்கங்களில் பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டவை அவை. புதிய முறைக்குள் அப்படியே ஏற்றினால் தேடவும் முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது. முதலில் யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஒருங்குறியிலும் எழுத்துகளின் குறியெண் ஒழுங்கு நம் நெடுங்கணக்கு ஒழுங்கு அல்ல. தமிழ் வரிசையைத் தனியாக அமைக்காத மென்பொருளில் 'ன' என்ற எழுத்து 'ந' என்ற எழுத்துக்கு அடுத்ததாக வந்து நிற்கும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள் கிடைக்கும் இடத்தில் தமிழுக்குக் கிடைப்பது 70 மட்டுமே என்பதால், தவணை நினைவூட்டலைச் சுருக்கி எழுதத் தெரியாவிட்டால் ஒவ்வொரு செய்தியும் இரண்டாகக் கணக்கிடப்படும்.

பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். முதலெழுத்து தகப்பனின் பெயர், திருமணத்தின்பின் பெண்களுக்கு அது கணவனின் பெயராக மாறும், ஆங்கிலத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்து நிரப்பு என்று வற்புறுத்தும் ஆயத்த மென்பொருளில் நம் அங்கத்தவர் பதிவு குழம்பியே தீரும். அடையாள அட்டை இலக்கத்தை நம்புவோம் என்றால், 2016 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய அட்டை வழங்கப்படுவதால், பழைய ஒன்பது இலக்க அட்டையில் வைப்புக் கணக்கும் புதிய அட்டையில் கடன் கணக்கும் வைத்திருக்கும் ஒரே ஆள் இரண்டு ஆட்களாகப் பதியப்படுவார். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றும் விதி தெளிவானது. அதை முறைக்குள் எழுதுவது நிரலாளருக்குச் சிறிய வேலை. அதைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்பதில்தான் இரண்டாவது வழியும் நான்காவது வழியும் பிரிகின்றன.

ஊழியர்களின் கவலையையும் நேராகப் பேச வேண்டும். 1958 லேயே ஹரோல்ட் லீவிற், தோமஸ் விஸ்லர் என்ற இரு அமெரிக்கர்கள், கணினி வந்தால் நடுமட்ட முகாமையாளர்களின் தீர்மானங்கள் மேலே போய்விடும் என்று எதிர்வு கூறினார்கள். நம் சங்கங்களில் அந்த நடுமட்டம் கிளைப் பரிசோதகரும் கணக்குப் பகுதி மூத்த எழுதுவினைஞரும்தான். மாத இறுதிக் கூட்டல்கள் தானே நடக்கும்போது அவர்களின் நேரம் மிச்சமாவது உண்மை. அந்த நேரத்தைக் கொண்டு ஆட்குறைப்புச் செய்வது மிகவும் குறுகிய கணக்கு. எந்தக் கிளையின் பற்றுச்சீட்டு வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, எந்த அடகு மதிப்பீடு சற்று உயரமாகப் போயிருக்கிறது என்பதை ஒரு பார்வையில் உணரும் மூத்தவர்களின் அறிவு எந்த மென்பொருளோடும் சேர்ந்து வராது. முறையை வடிவமைக்கும் கூட்டத்தில் முதல் நாற்காலி அவர்களுக்குரியது.

என் தீர்ப்பு இது. கிளைகளும் வங்கியும் கொண்ட சங்கத்துக்கு நான்காவது வழியே ஏற்றது. அதைத் தனியே செய்யாமல் அயலிலுள்ள இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒரே முறையை அமைத்துச் செலவையும் நிரலாளர்களையும் பகிர்ந்துகொண்டால், ஒருவர் புறப்பட்டாலும் வேலை நிற்காது. கூட்டுறவு என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் நாம் மென்பொருளை மட்டும் தனித்தனியே வாங்குவதற்கு நல்ல காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பயிற்சிக்கு இருவரை ஒதுக்க முடியாத சங்கம், ரூபாவில் சந்தாவும் மாதாந்தத் தரவுக் கையளிப்பும் ஒப்பந்தத்தில் உறுதியானால், மூன்றாவது வழிக்குப் போகலாம். இரண்டாவது வழியை, மூலநிரலைச் சங்கத்துக்கும் கையளிக்க விற்பனையாளர் எழுத்தில் சம்மதித்தாலன்றி, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியை எடுத்தாலும் சில நிபந்தனைகள் மாறாதவை. முதல் ஆறு மாதங்களுக்குப் புதிய முறை காட்டும் குறையை வைத்து எந்த ஊழியரின் சம்பளத்திலும் கழிக்கக் கூடாது என்று சபை முன்கூட்டியே தீர்மானம் எழுத வேண்டும். அதன்பின்னும், குறை உருவான பதிவுகளை ஊழியருக்குக் காட்டி விளக்கம் கேட்காமல் கழிக்கக் கூடாது. பேரேடு குறைந்தது மூன்று மாதங்களுக்கு இணையாக எழுதப்பட வேண்டும். இரண்டும் ஒத்துவந்த மாதத்திலிருந்துதான் ஏட்டை மூடலாம். தொடங்கும் நாளிலும் கவனம் தேவை. அமெரிக்காவின் ஹேர்ஷி சொக்கலேற் நிறுவனம் 1999 இல் தன் முழு விநியோக முறையையும் ஒரே வீச்சில் மாற்றி, ஹலோவீன் காலத்தில், களஞ்சியத்தில் இனிப்பு நிறைந்திருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் திண்டாடியது. தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ முந்திய மாதத்தில் நாம் மாறத் தொடங்கினால் அதேதான் நடக்கும். ஆண்டுக் கணக்கு முடிந்து வியாபாரம் சற்று ஓயும் மாதத்தில், ஒரே ஒரு கிளையில் தொடங்கி, அங்குள்ள முகாமையாளர் சரியென்று கையொப்பமிட்ட பின்னரே அடுத்த கிளைக்குப் போக வேண்டும். எரிபொருள் நிலையம் அதற்குப் பின், நகை அடகு உள்ள கிராமிய வங்கி எல்லாவற்றுக்கும் கடைசி.